ஒரே சார்ஜில் பெங்களூர்

கண்ணு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாதே. வண்டி நின்றுபோகவில்லை. நான்தான் நிறுத்தியிருக்கிறேன். சூளகிரிப் பக்கம் சார்ஜர் வைத்த ஒரு ஓட்டல் இருக்கிறதே, அங்கே. நாங்கள் வருகிற வழிக்கு அது எதிர்ப்பக்கம். பாலத்தடியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேண்டுமென்றே வந்தேன். பேட்டரியில் எண்பது சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது. உன் அம்மா ஓசூர் வரை அழுதாள், அப்புறம் பின் சீட்டில் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டாள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, அவள் தெரிகிற மாதிரி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதுகிற தாள் நம் யூனிட் டெலிவரி சலான்; டேஷ்போர்டில் அதுதான் கிடைத்தது. முன்பக்கம் துணி எத்தனை ரோல் என்று கேட்கும். நீ பின்பக்கத்தை மட்டும் படி. போட்டோ பிடித்து அனுப்புகிறேன், ஏரோப்ளேனில் உட்கார்ந்து படித்தால் போதும்.

இன்றைக்குக் காலையில் நீ எங்களை வழியனுப்பியதை நினைத்துக்கொண்டே வந்தேன். நார்வேக்குப் போகிறவன் நீ. மூன்று வருஷம் போகிறவன் நீ. வழியனுப்ப வந்தவர்கள் நாங்கள். ஆனால் நீ குனிந்து நான்கு டயரிலும் காற்றுப் பார்த்தாய். "காத்து சரியா வெச்சிருக்கறனுங்கப்பா. எம்பதத் தாண்டாதீங்க. ஓசூர் தாண்டுனா எறக்கந்தான், சார்ஜ் மிச்சமாகும். ராத்திரில ஓட்ட வேண்டாம், இப்பவே கெளம்புங்க" என்றாய். நான் "சரி சாமி" என்றேன். அவ்வளவுதான் நாம் பேசியது. ஏர்போர்ட் வரை வரட்டுமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. முப்பத்திரண்டு வயசுப் பிள்ளையைக் கட்டிப்பிடித்தால் தப்பா என்று சூளகிரி வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன். தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றி என்ன பிரயோஜனம்.

நான் என்ன தொழில் செய்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் என் தப்பு அதில்தான் ஆரம்பிக்கிறது. சாயம் போட்டு வருகிற பனியன் துணியை நம் காம்பாக்டிங் மிஷினில் ஆவி காட்டி, அழுத்தி, சுருங்க வேண்டியதை முன்கூட்டியே சுருக்கிக் கொடுக்கிறோம். அப்போதுதான் வாங்குகிறவன் வீட்டில் துவைத்த பிறகு பனியன் தொப்புளுக்கு மேல் ஏறாது. மிஷினிலிருந்து இழுபட்டு வருகிறபோது துணி காட்டுகிற நீளம் நீளமே இல்லை. அதை ஒரு ராத்திரி சும்மா கிடக்க விட வேண்டும். ஒரு துண்டு வெட்டி, பேனாவால் கட்டம் போட்டு, துவைத்து, காயவைத்து, மறுபடி அளந்தால் வருவதுதான் நிஜ அளவு. குறைந்துபோனதற்குப் பெயர் ஷ்ரிங்கேஜ். முப்பத்தைந்து வருஷமாக ஆர்டர் கொண்டுவருகிற எத்தனை மெர்ச்சண்டைசர்களிடம் சொல்லியிருப்பேன், "தொவைக்காத துணிக்கு நீளஞ் சொல்லாதீங்க" என்று. அப்படிச் சொன்ன வாய் இது.

நீ இன்ஜினியரிங் முடித்து, யூனிட்டுக்கு வர மாட்டேன், பேட்டரிக் கார் கம்பெனிக்குப் போகிறேன் என்றபோது எனக்குக் கோபம். அதைவிட வருத்தம். என்ன வேலை என்று கேட்டேன். வண்டியை உருளை மேல் நிறுத்தி ஓட்டி, ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்பது, பிறகு ரோட்டில் ஓட்டி எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது என்றாய். அடுத்த யூனிட்காரர் இருக்கும்போதே சிரித்தேன். "நின்ன எடத்துலயே கார் ஓட்டறதுக்குச் சம்பளமாம் பாருங்க" என்றேன். நீ முகம் மாறாமல், "நானும் ஷ்ரிங்கேஜ்தானுங்கப்பா பாக்கப்போறேன்" என்றாய். அந்தப் பதில் எவ்வளவு சரியானது என்று புரிய எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று. அன்றைக்கு அதற்கும் சேர்த்துத்தான் சிரித்தேன்.

பிறகு நானே பேட்டரிக் கார் வாங்கினேன். உன்னைக் கேட்காமல்தான் வாங்கினேன். உன் மேல் இருந்த பாசத்தில் வாங்கினேன் என்று சொன்னால் நீ நம்புவாயா? மகன் இதே வேலையில் இருக்கிறான், நாம் பெட்ரோல் காரில் போனால் அவனுக்கு மரியாதை இல்லை என்று தோன்றியது. அதை உன்னிடம் சொல்லாமல், பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசினேன். ஷோரூமில் ஒருவர் ஒரே சார்ஜில் நானூற்றி இருபது கிலோமீட்டர் என்றார். நீ போனில், "அது லேப்ல வர்ற கணக்குங்கப்பா. நம்ம ரோட்டுல ஏசி போட்டு, ஆளேத்திட்டுப் போனா முன்னூறு. ஹைவேல நூத்துக்கு மேல மிதிச்சீங்கன்னா அதுவும் இல்லீங்க. பெங்களூர் வர்றதுன்னா சேலத்துல அரை மணி நேரம் சார்ஜ் போட்டே ஆவோணும்" என்றாய். துவைக்காத நீளத்தை நம்பாதீர்கள் என்று நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். எனக்கோ, அப்பன் வாங்கிய வண்டியை மகன் குறை சொல்கிறான் என்று பட்டது. நம் பூண்டி வீட்டிலிருந்து வேலம்பாளையத்து யூனிட்டுக்குப் போய் வருகிற எனக்கு நானூறானால் என்ன, முன்னூறானால் என்ன. சத்தமில்லாத வண்டி. பூண்டியில் சிலை கொத்துகிற உளிச் சத்தம் கண்ணாடி ஏற்றியிருந்தாலும் காதில் விழும். அதைக் கேட்டுக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தேன். வாரம் இரண்டு தடவை சார்ஜ் போட்டால் போதும். அந்தத் தெம்பில் டீக்கடையில் நம் ஆட்களிடம், "எம்பையன் ஊட்டுக்கு ஒரே சார்ஜ்ல போய் எறங்கறன் பாருங்க" என்று சொல்லியும் வைத்தேன்.

பெங்களூரில் நீ வீடு வாங்கிக் குடிபோன நாள் அப்படித்தான் வந்தது. பத்தரைக்குள் பால் காய்ச்ச வேண்டும். பெற்றவள் கையால் அடுப்பு பற்றவைக்க வேண்டும் என்று நீயும் மருமகளும் சொல்லியிருந்தீர்கள். அம்மா ஒரு வாரமாகத் தூங்கவில்லை. முந்தின நாளே வந்துவிடுங்கள் என்றாய். அன்றைக்கு ஷிப்மென்ட் துணி இறங்கவேண்டியிருந்தது, காலையில் கிளம்பினால் எட்டரைக்கு அங்கே நிற்பேன் என்றேன். கோழி கூப்பிடக் கிளம்பினோம். பின்னால் இரண்டு மூட்டை தேங்காய், ஒரு சிப்பம் அரிசி, குத்துவிளக்கு. மேலே, நம் தோட்டத்து வாழைமரம் இரண்டு, தாரோடு. உன் வாசலில் கட்டுவதற்கு. பெங்களூரில் வாழைமரம் விற்காதா என்று கேட்காதே. விற்கும். ஆனால் அது உன் அப்பன் நட்ட மரம் இல்லையே. கூரையில் கேரியர் மாட்டி, நைலான் கயிற்றால் இறுக்கி, இலை வண்டி முகத்துக்கு முன்னால் ஆடுகிற மாதிரி கட்டினேன். கல்யாண ஊர்வலம் போல இருந்தது. டோல்கேட்டில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

நூற்றிப் பத்தில் போனேன். சேலத்தில் அம்மா, "ஏனுங்க, பையன் இங்க சார்ஜ் போடச் சொன்னானுங்களே" என்றாள். திரையில் இன்னும் தூரம் பாக்கி காட்டியது. "இருக்குது, போலாம்" என்றேன். தொப்பூர் ஏற்றத்தில் அந்த எண் கரைந்தது. ஒரு கிலோமீட்டர் போனால் மூன்று கிலோமீட்டர் குறைந்தது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. ஏற்றம் முடிந்தால் சரியாகும் என்று நினைத்தேன். நம் ஊரிலிருந்து உன் ஊர் வரைக்கும் மொத்தமும் ஏற்றம்தான் என்பது எனக்கு யோசனையில் வரவே இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று சார்ஜர் பலகைகள் தாண்டித் தாண்டிப் போயின. ஒவ்வொன்றிலும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் டீக்கடை ஆட்களின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. சூளகிரி ஏற்றத்தில் ஏசியை நிறுத்தினேன். நாற்பதில் உருட்டினேன். நான்கு சதவீதத்தில் இதே ஓட்டலுக்குள் நுழைந்தேன். இங்கே இருந்தது மெதுவாக ஏறுகிற சார்ஜர். காலை எட்டரை மணிக்கு உன் வாசலில் நிற்க வேண்டியவன், இந்த வேப்பமரத்தடியில் நின்றேன். மணி ஒன்பதாயிற்று. பத்தாயிற்று. அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. பட்டுப்புடவை முழுக்க வேர்வை. பத்தரைக்கு ஒரு தடவை மட்டும் கையெடுத்து உன் ஊர்ப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். அப்புறம், "வாழமரம் வாடிப்போச்சுங்க" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

நீ போன் செய்தாய். ஒரே ஒரு தடவைதான் செய்தாய். "எங்கங்கப்பா இருக்கீங்க?" என்றாய். நான், "தொப்பூர்ல லாரி கவுந்துருச்சு கண்ணு, வண்டி நவுரல" என்றேன். தொப்பூரில் லாரி கவிழ்ந்தது என்றால் நம் பக்கம் யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள். நீயும் கேட்கவில்லை. "பரவால்லீங்கப்பா, பதறாம வாங்க" என்றாய். பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தோம். பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் கடையில் வாங்கிய வாழைமரம் கட்டியிருந்தது. நீ என் கூரையில் வாடிக் கிடந்த மரத்தைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். ஏணி போட்டு, கடை மரத்தை அவிழ்த்துவிட்டு, நம் மரத்தைக் கட்டினாய். ஒரு பாக்கெட் பால் பிரிக்காமல் வைத்திருந்தாய். அம்மா, "நேரந்தான் தாண்டிப்போச்சே சாமி" என்றாள். "நீங்க வந்ததுதான் நேரமுங்கம்மா, வெய்யுங்க" என்று அடுப்பை அவளிடம் விட்டாய். அவள் பால் பொங்குகிற வரைக்கும் நிமிரவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்தில் ஏழெட்டுத் தடவை உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். எண்பதைத் தாண்டியதில்லை. சேலத்தில் நிறுத்தாமல் போனதில்லை. கேரியரைக் கழற்றிப் பரண் மேல் போட்டாயிற்று. வண்டியோடு சண்டை போடாமல் ஓட்டினால் அது எவ்வளவு போகும் என்று எனக்கு இப்போது தெரியும். நீ சொன்ன முன்னூறுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. இன்னொன்றும் தெரியும். உன் வீட்டுக்கு வருகிறபோது ஏறுகிற வழி, சார்ஜ் மளமளவென்று குறையும். உன்னை விட்டுவிட்டுத் திரும்புகிறபோது இறக்கம். வண்டி பாட்டுக்கு வரும், பிரேக் பிடித்தால் சார்ஜ் ஏறக்கூடச் செய்யும். திரை என்னமோ மிச்சம் மிச்சம் என்று காட்டும். எனக்கு நேர்மாறு. வருகிறபோது எனக்குக் களைப்பே தெரியாது. திரும்புகிறபோது கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் கை கால் ஓய்ந்துவிடும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "வண்டிக்கு என்ன, அதுக்குப் பையனா இருக்கறான்?" என்றாள்.

ஆனால் லாரிக் கதையை மட்டும் நான் திருத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் இந்த ஓட்டலைத் தாண்டும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். உன் வாசலுக்கு வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். நீயும் அன்றிலிருந்து கொஞ்சம் குறைத்துத்தான் பேசினாய். கேட்டதற்குப் பதில், சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா. மகன் ஏதோ மனசில் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். பொய் சொன்னவனுக்கு எல்லாமே அப்படித்தான் தெரியும்.

இன்றைக்குக் காலையில் சமையலறையில் உன்னோடு கிளம்புகிற மருமகள் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் சும்மா நிற்க மாட்டாமல், "அவன் என் வண்டி ஆப் ஏதோ அவம்போன்ல வெச்சிருக்கறானாம். ஊருக்குப் போறவனுக்கு அது எதுக்கும்மா, எடுத்துடச் சொல்லு" என்றேன். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று காட்டுகிற ஆப் அது; வண்டி வாங்கிய புதிதில் நீதான் அதை என் போனில் போட்டுக் கொடுத்தாய். உன் போனிலும் போட்டுக்கொண்டது போன வாரம் வரை எனக்குத் தெரியாது. அவள் கையில் இருந்த தட்டத்தைக் கீழே வைத்தாள்.

"அத எடுக்க மாட்டாருங்க மாமா. தெனமும் எந்திரிச்சதும் மொதல்ல அதத்தான் பாப்பாரு. உங்க வண்டி ஊட்டுல நிக்குதா, பூண்டி தாண்டிருச்சா, யூனிட்டுக்குப் போயிருச்சான்னு. போயிருச்சுன்னா, 'அப்பா நல்லாருக்காரு'ன்னு சொல்லிட்டுத்தான் பல்லு வெளக்கப் போவாரு. ஒரு நா உங்களுக்குக் காய்ச்சல் வந்து வண்டி நவுரல பாருங்க, அன்னிக்கு ஆபீஸ்ல இருந்து எனக்கு நாலு தடவ போன்."

நான் கேட்டேன். கேட்கப் பயமாகத்தான் இருந்தது. "வூடு பால் காச்சுன அன்னிக்கும் பாத்தானாம்மா?"

"பாத்துட்டேதான் இருந்தாருங்க. சூளகிரில நாலு பர்சன்ட்டுல நிக்குதுன்னாரு. ஏறட்டும், அவசரப்பட்டுக் கெளம்புனா நடுவழில நின்னுருவாங்கன்னு அப்பறம் போனே பண்ணல. பத்தரை ஆவறவரைக்கும் அடுப்பப் பத்தவெக்க உடல, கடைசி நிமிஷத்துலதான் என்னைய வெக்கச் சொன்னாரு." அவள் மறுபடி பாத்திரத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். "லாரி கவுந்துச்சுன்னு நீங்க சொன்னத எங்கிட்டகூட அவர் சொல்லலீங்க மாமா. அத்தைதான் ஒரு நாள் சொன்னாங்க."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பால்கனிக்குப் போய்த் துணி மடிக்கிற மாதிரி நின்றேன். நீ வந்து, "டயருக்குக் காத்துப் பாக்கலாம் வாங்கப்பா" என்று கூப்பிட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ குனிந்திருந்தாய், உன் தலையில் இரண்டு மூன்று நரைமுடி தெரிந்தது. மகனுக்கு நரைத்ததைப் பார்த்த அப்பனுக்கு வார்த்தை எப்படி வரும். அதனால்தான் இந்த ஓட்டலுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எங்கே பொய் சொன்னேனோ அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டுப் போவோம் என்று. தொப்பூரில் லாரி எதுவும் கவிழவில்லை, கண்ணு. உன் பேச்சைக் கேட்காமல், ஷோரூம்காரர் பேச்சையும் டீக்கடை வீம்பையும் நம்பி, உன் அம்மா கையால் அடுப்பு பற்ற வேண்டிய நேரத்தை நான் தொலைத்தேன். மன்னித்துக்கொள் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

பெரிய புத்திமதி எதுவும் என்னிடம் இல்லை. குளிரில் பேட்டரி எவ்வளவு சுருங்கும் என்று பார்க்கத்தான் உன்னை அங்கே அனுப்புகிறார்கள் என்றாய். உடம்பும் குளிரில் அப்படித்தான். வேலை ருசியில் தெரியாது. இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்கும் முன்னாலேயே உட்கார்ந்துவிடு. உனக்காக ஒருத்தி வீட்டில் காத்திருக்கும்போது, ஆறு மணிக்கு வருகிறேன் என்று பெரிய எண்ணைச் சொல்லாதே. எட்டு ஆகுமென்றால் எட்டு என்றே சொல். காத்திருப்பவர்கள் எட்டு மணி வரைக்கும் காத்திருப்பார்கள். ஆறு என்று சொல்லிவிட்டு எட்டுக்குப் போனால்தான் அந்த இரண்டு மணி நேரம் அவர்களைத் தின்றுவிடும். உன் அம்மாவின் பட்டுப்புடவையில் வேர்வையைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது இது. பிறகு, உன் வேலையைப் பார்த்து நான் சிரித்தது. நீ செய்வது என் தொழில்தான். துவைத்த பிறகு வருகிற அளவைச் சொல்கிற தொழில். டீக்கடையில் இப்போது அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, யூனிட் லீவு. வழக்கமாக வண்டி நிழலில் நிற்கும். நாளையிலிருந்து நிற்காது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவிநாசிபாளையம் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். நீ அங்கே எழுந்து போனைப் பார்க்கும்போது இங்கே வண்டி நகர்ந்திருக்கும். நம் வீட்டிலிருந்து உனக்கு நானே தினமும் எழுதுகிற மாதிரி வைத்துக்கொள். எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் ஓட்டுவேன். எவ்வளவு என்று மட்டும் கேட்காதே, இனி நான் பெரிய எண் எதையும் சொல்வதாக இல்லை.

அம்மா எழுந்துவிட்டாள். எங்கே நிற்கிறோம் என்று கண்ணாடி வழியாகப் பார்க்கிறாள். பார்த்ததும் புரிந்துவிட்டது போலிருக்கிறது, பெல்ட்டைக் கழற்றுகிறாள். டீ வாங்கிக் கொடுத்துக் கிளம்ப வேண்டும்.

என்றைக்காவது ஒரு நாள் வண்டி நகரவில்லை என்றால் எனக்குப் போன் போடு, சாமி. எங்கே இருக்கிறேன், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேள். இந்தத் தடவை லாரி கவிழ்ந்தது என்று சொல்ல மாட்டேன்.

அப்பா